ஜெர்மன் வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே: தமிழ் வரிசையில் தொடங்கும் ஒரு வழி

ஜெர்மன் கற்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். புத்தகத்தில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வகுப்பில் ஒப்பிடுவதும் ஆங்கிலத்தோடுதான். சொல்வரிசை என்று வரும்போது இதுவே பெரிய இடைஞ்சல். ஆங்கிலத்தில் வினை நடுவில் உட்காரும். ஜெர்மனிலோ வினையின் சொந்த இடம் கடைசி, தமிழில் இருப்பதைப் போலவே. முதன்மை வாக்கியத்தில் மட்டும் அதில் ஒரு துண்டு முன்னால் வருகிறது.

அதனால் இங்கே நாம் போகிற வழி இதுதான்: வாக்கியத்தைத் தமிழ் வரிசையில் அடுக்குவது, அப்புறம் ஒரே ஒரு சொல்லை நகர்த்துவது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். மூன்றாம் படி கைக்கு வராமல் ஆறாம் படிக்குப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

‘இஷ், டு, எர், விர்’ (நான், நீ, அவன், நாங்கள்) என்று ஆள் மாறும்போது வினையின் விகுதி எப்படி மாறும் என்பது தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ‘ஸைன்’ (இருக்க), ‘ஹாபன்’ (வைத்திருக்க), ‘ஃபாரன்’ (வண்டியில் போக), ‘முஸ்’ (வேண்டும்), ‘கன்’ (முடியும்) ஆகியவற்றின் நிகழ்கால வடிவங்கள் தடுமாறாமல் வர வேண்டும். ஆளுக்கேற்ப விகுதி மாறும் வினையை இங்கே ‘முற்று’ என்று சொல்கிறேன். எந்தச் சொல் முற்று என்று அடையாளம் காணத் தெரியாவிட்டால் எந்த விதியும் உதவாது.

பெயருக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டஸ் இப்போதைக்குத் தவறினாலும் பரவாயில்லை. சொல்வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இது தோராயமான ஒலிப்புதான். சரியான உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தமிழ் வரிசையில் அடுக்குங்கள்

ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம்: நான் நாளைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். இதே வரிசையில் ஜெர்மன் துண்டுகளை வையுங்கள்.

இஷ் / மோர்கன் / மிட் டேம் புஸ் / ட்ஸூர் அர்பைட் / ஃபாரெ

நான் / நாளைக்கு / பஸ்ஸில் / வேலைக்கு / போகிறேன்

எதுவும் இடம் மாறவில்லை. நேரம், விதம், இடம், வினை என்ற இந்த ஓட்டம் இரண்டு மொழிக்கும் பொது. ஜெர்மன் வகுப்புகளில் இதை ‘டேகாமோலோ’ என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: எப்போது, ஏன், எப்படி, எங்கே என்பவற்றின் ஜெர்மன் பெயர்களில் முதல் அசைகளைச் சேர்த்தது. ‘நாளைக்கு வேலை விஷயமாக ரயிலில் பெர்லினுக்கு’ என்று தமிழில் நினைத்தாலே அந்த வரிசை வந்துவிடும். ஆங்கிலத்தில் நினைத்தால் இடம் முன்னாலும் நேரம் கடைசியிலும் போய் விழும். வகுப்பில் வரும் பிழைகளில் ஒரு பெரிய பங்கு இங்கேதான் பிறக்கிறது.

துண்டுக்குள் மட்டும் ஒரு வேறுபாடு. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஜெர்மனில் அந்த வேலையைச் செய்யும் ‘மிட்’, ‘நாஹ்’, ‘ட்ஸூர்’ பெயருக்கு முன்னால் நிற்கும். ‘மிட் டேம் புஸ்’ என்பதைப் பிரிக்காமல் ஒரே கட்டியாகவே பழகுங்கள்.

சொற்களை நோட்டில் எழுதும்போதும் இதே முறைதான். ‘ஃபாரன்’ என்று தனியாக எழுதாமல் ‘மிட் டேம் புஸ் ஃபாரன்’, ‘டே ட்ரிங்க்கன்’ (டீ குடிக்க), ‘ட்ஸு ஹவுஸெ ப்ளைபன்’ (வீட்டிலேயே இருக்க) என்று வினை கடைசியில் வரும்படி எழுதுங்கள். ஜெர்மன் அகராதிகளும் சொற்றொடர்களை இப்படித்தான் தருகின்றன.

2. முற்றை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

இப்போது கடைசியில் இருக்கும் ‘ஃபாரெ’யை எடுத்து முதல் துண்டுக்கு அடுத்து வையுங்கள்.

இஷ் ஃபாரெ மோர்கன் மிட் டேம் புஸ் ட்ஸூர் அர்பைட்.

வேலை முடிந்தது. மற்றத் துண்டுகளைத் தொடாதீர்கள். வினையைத் தூக்கும்போது அதன் பக்கத்தில் இருந்த ‘ட்ஸூர் அர்பைட்’டையும் சேர்த்து இழுத்துவந்து ‘இஷ் ஃபாரெ ட்ஸூர் அர்பைட்...’ என்று தொடங்குவது ஆங்கிலப் பழக்கம்.

இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல் என்று பொருளில்லை, இரண்டாவது துண்டு. ‘மைனெ முட்டர் ஃபேர்ட் மோர்கன் நாஹ் பெர்லின்’ (என் அம்மா நாளைக்கு பெர்லினுக்குப் போகிறார்) என்பதில் ‘மைனெ முட்டர்’ இரண்டு சொல், ஆனால் ஒரு துண்டு. ஒரு துண்டா, இரண்டா என்று சந்தேகம் வந்தால், அது முழுவதும் ஒரே கேள்விக்குப் பதிலாகுமா என்று பாருங்கள். ‘மோர்கன் உம் அஹ்ட் ஊர்’ (நாளைக்கு எட்டு மணிக்கு) என்பது ‘எப்போது?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில், ஆகவே ஒரு துண்டு.

தமிழிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள் இங்கே உண்டு. ஒன்று, ‘நாளைக்குப் போகிறேன்’ என்று நாம் ‘நான்’ இல்லாமலே பேசுவோம்; ஜெர்மனில் ‘இஷ்’ இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று, ‘நான் ஆசிரியர்’ என்பதில் நமக்கு வினையே இல்லை; ஜெர்மனில் ‘இஷ் பின் லேரர்’ என்று ‘பின்’ வர வேண்டும்.

3. முதல் இடத்தை மாற்றிப் பழகுங்கள்

முதல் இடம் எழுவாய்க்கு என்று ஒதுக்கப்பட்டதில்லை. நேரம், இடம், செயப்படுபொருள் என எதுவும் அங்கே வரலாம். முற்றின் இடம்தான் ரிசர்வ் செய்த சீட் மாதிரி. முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் அது நகராது.

மோர்கன் ஃபாரெ இஷ் மிட் டேம் புஸ் ட்ஸூர் அர்பைட்.

மிட் டேம் புஸ் ஃபாரெ இஷ் மோர்கன் ட்ஸூர் அர்பைட்.

‘இஷ்’ முதல் இடத்தை விட்டதும் முற்றுக்கு அடுத்து வந்து நிற்கிறது. ‘மோர்கன் இஷ் ஃபாரெ’ என்பதுதான் வகுப்பில் அதிகம் கேட்கும் தவறு. முற்றுக்கு முன்னால் இரண்டு துண்டு சேர்ந்துவிட்டது. சொல்லும்போது ‘மோர்கன் ஃபாரெ’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் நடுவில் ‘இஷ்’ நுழையாது.

எழுதும்போது இன்னொரு வழுக்கல்: முதல் துண்டுக்குப் பின்னால் காற்புள்ளி போடுவது. ‘நாஹ் டெர் அர்பைட் கேஹெ இஷ் நாஹ் ஹவுஸெ’ (வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறேன்) என்பதில் காற்புள்ளியே கிடையாது.

‘உண்ட்’ (மற்றும்), ‘ஆபர்’ (ஆனால்), ‘ஓடர்’ (அல்லது), ‘டென்’ (ஏனென்றால்), ‘ஸோண்டர்ன்’ (மாறாக) ஆகிய ஐந்தும் எந்த இடத்தையும் பிடிக்காது. அவற்றுக்குப் பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். ‘உண்ட் இஷ் ஃபாரெ’ சரி. ‘உண்ட் ஃபாரெ இஷ்’ தவறு.

இந்தப் படியில் நின்று நிதானமாகப் பழகுங்கள். ஒரே வாக்கியத்தை எடுத்து ஒவ்வொரு துண்டாக முன்னால் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். துண்டுகளைத் தாளில் எழுதி வெட்டி, மேசைமேல் நகர்த்துவது பெரியவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் நகர்த்தியவர்களுக்குத்தான் சீக்கிரம் வருகிறது.

4. இரண்டு வினை வந்தால்

‘போக வேண்டும்’, ‘போயிருக்கிறேன்’ என்று தமிழில் கடைசியில் வினைகள் சேர்ந்து நிற்பதைப் போலவே ஜெர்மனிலும் நிற்கும். முதலில் தமிழ் வரிசை:

இஷ் மோர்கன் மிட் டேம் புஸ் ட்ஸூர் அர்பைட் ஃபாரன் முஸ்

‘ஃபாரன் முஸ்’ என்றால் ‘போக வேண்டும்’, அதே வரிசை. இதில் முற்று எது? கடைசியில் இருக்கும் ‘முஸ்’. அதை மட்டும் நகர்த்துங்கள்.

இஷ் முஸ் மோர்கன் மிட் டேம் புஸ் ட்ஸூர் அர்பைட் ஃபாரன்.

இறந்தகாலமும் அப்படியே. ‘கெஃபாரன் பின்’ என்பது ஏறத்தாழ ‘போய் இருக்கிறேன்’.

இஷ் பின் கெஸ்டர்ன் மிட் டேம் புஸ் ட்ஸூர் அர்பைட் கெஃபாரன். (நான் நேற்று பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.)

இப்படி முற்று முன்னால், மிச்ச வினை கடைசியில் என்று இரண்டு பக்கமும் நின்று வாக்கியத்தை வளைத்துப் பிடிப்பதை ஜெர்மானியர் ‘ஸட்ஸ்க்ளம்மர்’, அதாவது வாக்கிய அடைப்பு என்கிறார்கள். ‘இஷ் முஸ் ஃபாரன்...’ என்று இரண்டு வினையையும் ஒட்டவைப்பது, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் நீண்ட நாள் தங்கும் பிழை.

கொஞ்சம் பெரிய கோவையையும் பார்த்துவிடலாம். ‘வீடு கட்டப்பட வேண்டும்’ என்பதைத் தமிழ் வரிசையிலேயே வைத்தால்:

டஸ் ஹவுஸ் / கெபவுட் / வேர்டன் / முஸ்

கட்ட, பட, வேண்டும் என்று அச்சாகப் பொருந்துகிறது. நகர்த்தினால் ‘டஸ் ஹவுஸ் முஸ் கெபவுட் வேர்டன்’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் ‘வேர்டன் கெபவுட்’ என்று திருப்பிப் போடுவார்கள். தமிழ் வழியாக வந்தால் அந்தச் சிக்கலே இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம் ‘வேண்டும்’ ஆளுக்கேற்ப மாறாது, ‘முஸ்’ மாறும்.

5. பிரியும் வினைகள்

‘அன்ரூஃபன்’ (போன் செய்ய), ‘அவுஃப்ஷ்டேயன்’ (எழுந்திருக்க), ‘மிட்கொம்மன்’ (கூட வர) போன்றவற்றில் முற்று நகரும்போது முன்னொட்டு கடைசியிலேயே தங்கிவிடும். விகுதி ஏறுவது பின்பாதியில் என்பதால் அதுதான் நகர்கிறது.

இஷ் ஹொய்ட்டெ மைனெ முட்டர் அன்ரூஃபெ

இஷ் ரூஃபெ ஹொய்ட்டெ மைனெ முட்டர் அன். (நான் இன்றைக்கு என் அம்மாவுக்குப் போன் செய்கிறேன்.)

முற்று வேறொன்றாக இருந்தால் எதுவும் பிரியாது: ‘இஷ் முஸ் மைனெ முட்டர் அன்ரூஃபன்.’ இறந்தகாலத்தில் நடுவில் ‘கெ’ நுழையும்: ‘அன்கெரூஃபன்’.

எது பிரியும் என்று கண்டுபிடிக்க அழுத்தத்தைக் கேளுங்கள். முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் பிரியும். ‘பெ’, ‘எர்’, ‘ஃபெர்’, ‘எண்ட்’, ‘ட்ஸெர்’ போன்றவற்றில் அழுத்தம் விழாது, அவை பிரியவும் பிரியாது.

கடைசியில் நிற்கும் அந்தக் குட்டிச் சொல்லைப் பார்க்காமல் பொருள் கொள்வது ஆபத்து. ‘கொம்மன்’ என்றால் வருவது, ‘அன்கொம்மன்’ போய்ச் சேருவது, ‘உம்கொம்மன்’ உயிர்விடுவது. வாக்கியம் முடியும் வரை காத்திருங்கள்.

6. துணை வாக்கியத்தில் நகர்த்தவே வேண்டாம்

பல பாடநூல்கள் இதைக் கடினமான பாடம் என்று பின்னால் தள்ளிவைக்கின்றன. நமக்கு இது முதல் படியேதான். ‘வைல்’ (ஏனெனில்), ‘டஸ்’ (என்று; ‘டஸ் ஹவுஸ்’ என்பதில் வரும் ‘டஸ்’ வேறு), ‘வென்’ (-ஆல், போது), ‘ஒப்’ (-ஆ என்று), ‘ஒப்வோல்’ (-இருந்தும்) வந்தால் முற்று கடைசியிலேயே இருக்கும்.

டஸ் எர் மோர்கன் நாஹ் பெர்லின் ஃபேர்ட்

அவன் நாளைக்கு பெர்லினுக்குப் போகிறான் என்று

தமிழில் ‘என்று’ கடைசியில் வருகிறது, ஜெர்மனில் ‘டஸ்’ தொடக்கத்தில். மற்றதெல்லாம் ஒன்று. வினைக் கோவையும் அப்படியே நிற்கும்: ‘வைல் இஷ் மோர்கன் அர்பைட்டன் முஸ்’ (நாளைக்கு நான் வேலை செய்ய வேண்டியிருப்பதால்). பிரியும் வினையும் பிரியாது: ‘வைல் இஷ் மைனெ முட்டர் அன்ரூஃபெ’.

காரணத்தை முன்னால் சொல்வது நம் வழக்கம். ஜெர்மனிலும் சொல்லலாம். அப்போது துணை வாக்கியம் முழுவதும் ஒரே துண்டு, அதாவது முதல் இடம். ஆகவே அடுத்து முற்று.

வைல் இஷ் க்ராங்க் பின், ப்ளைபெ இஷ் ட்ஸு ஹவுஸெ.

(எனக்கு உடம்பு சரியில்லாததால் வீட்டிலேயே இருக்கிறேன்.) காற்புள்ளிக்கு இரு பக்கமும் முற்று: ‘பின், ப்ளைபெ’. இந்தச் சந்திப்பு தெரிந்தால் வாக்கியம் சரி. ‘பின், இஷ் ப்ளைபெ’ என்று எழுதியிருந்தால் திருத்துங்கள்.

பெயரைத் தழுவும் வாக்கியத்திலும் முற்று கடைசியில்தான். ஆனால் ‘பெர்லினுக்குப் போகிற ஆள்’ என்று நாம் முன்னால் சொல்வது அங்கே பெயருக்குப் பின்னால் வரும்: ‘டெர் மன், டெர் நாஹ் பெர்லின் ஃபேர்ட்’.

ஒரு விதிவிலக்கு. ‘வேலை செய்ய வேண்டியிருந்ததால்’ என்பதை ‘ஹாபன்’ சேர்த்த இறந்தகாலத்தில் சொன்னால் ‘வைல் இஷ் கெஸ்டர்ன் ஹாபெ அர்பைட்டன் ம்யுஸ்ஸன்’ என்று முற்று கடைசியை விட்டு முன்னால் வரும். இதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ‘வைல் இஷ் கெஸ்டர்ன் அர்பைட்டன் முஸ்ட்டெ’ என்று எளிய இறந்தகாலத்தில் சொல்லுங்கள். ஜெர்மானியர்களே அப்படித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

7. காரணம் சொல்லும் மூன்று சொற்கள், மூன்று வரிசைகள்

பொருள் நெருக்கமாக இருப்பதால் இவற்றை ஒரே மாதிரி பயன்படுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இஷ் ப்ளைபெ ட்ஸு ஹவுஸெ, டென் இஷ் பின் க்ராங்க்.

இஷ் ப்ளைபெ ட்ஸு ஹவுஸெ, வைல் இஷ் க்ராங்க் பின்.

இஷ் பின் க்ராங்க், டெஸ்ஹல்ப் ப்ளைபெ இஷ் ட்ஸு ஹவுஸெ.

‘டென்’ இடம் பிடிக்காத ஐந்தில் ஒன்று. ‘வைல்’ முற்றைக் கடைசியிலேயே விடும். ‘டெஸ்ஹல்ப்’ (அதனால்) முதல் இடத்தைப் பிடிக்கும் துண்டு, எனவே அடுத்தது முற்று. புதிதாக ஒரு இணைப்புச் சொல் கற்கும்போதெல்லாம் இந்த மூன்றில் எந்த வகை என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் மட்டும் எழுதிவைத்தால் பாதிதான் கற்றதாகும்.

பேச்சில் ‘வைல் இஷ் பின் க்ராங்க்’ என்று ஜெர்மானியர்களே சொல்வதைக் கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

8. கேள்வியும் கட்டளையும்

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் முற்று முதலிடத்துக்கே போகும்: ‘கொம்ஸ்ட் டு மோர்கன்?’ (நாளைக்கு வருகிறாயா?) கட்டளையும் அப்படி: ‘கொம்மன் ஸீ பிட்டெ மோர்கன்!’ (தயவுசெய்து நாளைக்கு வாருங்கள்.) வினாச்சொல் இருந்தால் அது முதல் துண்டு, முற்று இரண்டாவது: ‘வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப்?’ (ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?)

மரியாதையாகச் சுற்றிக் கேட்கும்போதுதான் வழுக்கும். ‘விஸ்ஸன் ஸீ, வோ டெர் பான்ஹோஃப் இஸ்ட்?’ (ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?) உள்ளே இருப்பது துணை வாக்கியம், ஆகவே ‘இஸ்ட்’ கடைசியில்.

9. ‘நிஷ்ட்’ (இல்லை) எங்கே வரும்

இதற்கு நீளமான பட்டியல்கள் தருவார்கள். தமிழ் வரிசையில் தொடங்குகிறவருக்குப் பட்டியல் பெரும்பாலும் தேவைப்படாது. சொற்றொடரை முதலில் வினை கடைசியில் வரும்படி வைத்து, ‘நிஷ்ட்’டை வினைக்கும் அதோடு ஒட்டிய துண்டுக்கும் முன்னால் வையுங்கள். அப்புறம் முற்றை நகர்த்துங்கள்.

‘டேன் மன் நிஷ்ட் கென்னன்’ (அந்த ஆளைத் தெரியாது) என்பது ‘இஷ் கென்னெ டேன் மன் நிஷ்ட்’ ஆகிறது. ‘நிஷ்ட் நாஹ் பெர்லின் ஃபாரன்’ என்பது ‘இஷ் ஃபாரெ நிஷ்ட் நாஹ் பெர்லின்’. ‘நிஷ்ட் க்ராங்க் ஸைன்’ என்பது ‘இஷ் பின் நிஷ்ட் க்ராங்க்’. முதல் வாக்கியத்தில் ‘நிஷ்ட்’ கடைசியில் தனியாகத் தொங்குவதற்குக் காரணம், அதன் பின்னால் இருந்த வினை எழுந்து போய்விட்டதுதான்.

ஒட்டிய துண்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்துவிட்டால் வினை அந்தரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். போகும் இடம் ஒட்டியது. ‘டேன் மன்’ போன்ற குறிப்பிட்ட செயப்படுபொருள் அப்படி ஒட்டாது, ‘நிஷ்ட்’டுக்கு முன்னால் நிற்கும். குறிப்பில்லாத பெயர் வந்தால் ‘நிஷ்ட்’டே வேண்டாம், ‘கைன்’ போதும்: ‘இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்’ (எனக்கு நேரமில்லை).

10. கொடுப்பவர், பெறுபவர், பொருள்

இரண்டும் பெயராக இருந்தால் நம் வரிசைதான், பெறுபவர் முதலில்: ‘இஷ் கேபெ டேம் கிண்ட் டஸ் பூஹ்’ (குழந்தைக்குப் புத்தகத்தை). இரண்டும் சுட்டுப்பெயரானால் திரும்பிவிடும், பொருள் முதலில்: ‘இஷ் கேபெ எஸ் ஈம்’ (அதை அவனுக்கு). ஒன்று பெயர், ஒன்று சுட்டுப்பெயர் என்றால் சுட்டுப்பெயர் முந்தும்: ‘இஷ் கேபெ ஈம் டஸ் பூஹ்’, ‘இஷ் கேபெ எஸ் டேம் கிண்ட்’. சின்னச் சொற்கள் முற்றை ஒட்டி நிற்கவே விரும்பும் என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

11. எழுதியதைச் சரிபார்க்கும் வரிசை

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கெட்டே நிறுவனத்தின் (Goethe-Institut) பி1 என்ற இடைநிலைத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம், 3 பணிகள். கடைசியில் சில நிமிடங்களை ஒதுக்கி, பொருளைப் பார்க்காமல் வரிசையை மட்டும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கண் பொருளின் பின்னால் ஓடிவிடும்.

முதலில் எல்லா முற்றுகளையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் துணை வாக்கியத்துக்கும் ஒன்று இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ‘ஸைன்’ விடுபட்டிருக்கும்.

அப்புறம் ‘வைல்’, ‘டஸ்’, ‘வென்’, ‘ஒப்’ ஆகியவற்றைத் தேடி, அந்தத் துணை வாக்கியம் முடியும் இடத்தில் முற்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, நேரத்தையோ இடத்தையோ முதலில் வைத்துத் தொடங்கிய வாக்கியங்கள்: இரண்டாவது துண்டு ‘இஷ்’ஷாக இருந்தால் அங்கேயே திருத்துங்கள். பிரியும் வினையின் முன்னொட்டு விட்டுப்போயிருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். நீளமான வாக்கியம் எழுதி முடிக்கும்போது பலர் ‘அன்’னையோ ‘அவுஃப்’பையோ எழுத மறந்து முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.